அமெரிக்கப் பள்ளிகளில் கறுப்பினக் கல்வித் தலைமை

அமெரிக்க அரசுப் பள்ளிகளின் தலைமையாசிரியர், கல்வி மாவட்டக் கண்காணிப்பாளர் போன்ற பொறுப்புகளுக்குக் கறுப்பினத்தவரை உருவாக்கும் மரபையும் அதற்கான பயிற்சித் திட்டங்களையும் பற்றியது இக்கட்டுரை. இம்மரபு அடிமை முறை ஒழிந்த பின் வேரூன்றி, இனப்பிரிவினைக் காலத்தில் வலுப்பெற்றது. பள்ளிகள் ஒன்றிணைக்கப்பட்டபோது பெருமளவு சிதைந்தது. 2020-21 கல்வியாண்டின் தேசியக் கணக்கெடுப்பின்படி, அரசுப் பள்ளித் தலைமையாசிரியர்களில் சுமார் 10 விழுக்காட்டினரும் ஆசிரியர்களில் சுமார் 6 விழுக்காட்டினரும் கறுப்பினத்தவர். மாணவர்களில் அவர்களின் பங்கு ஏறத்தாழ 15 விழுக்காடு.

தோற்றம்

அடிமையாகப் பிறந்து, உறவினர் விலை கொடுத்து மீட்ட ஃபேனி ஜாக்சன் காப்பின் 1865-இல் ஓபர்லின் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1869-இல் ஃபிலடெல்ஃபியாவில் கறுப்பின இளைஞர்களுக்கென நடந்த கல்வி நிலையத்தின் முதல்வராகி, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அப்பொறுப்பில் இருந்தார். வாஷிங்டனின் எம் ஸ்ட்ரீட் உயர்நிலைப் பள்ளிக்கு 1902-இல் தலைமையாசிரியரான அன்னா ஜூலியா கூப்பர், கறுப்பின மாணவர்களுக்குத் தொழிற்கல்வியே போதும் என்ற கருத்தை ஏற்காமல், அவர்களைப் புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களுக்குத் தயார் செய்தார். கல்வி வாரியத்துடன் ஏற்பட்ட மோதலில் 1906-இல் பதவி இழந்தார். ஃபுளோரிடாவின் டேட்டோனாவில் 1904-இல் மேரி மெக்லியாட் பெத்யூன் தொடங்கிய பெண்கள் பள்ளி பின்னர் பல்கலைக்கழகமாக வளர்ந்தது.

பிரிவினைக் காலத்தில் படித்த கறுப்பினத்தவருக்குப் பிற துறைகள் பெரும்பாலும் மூடியிருந்தன. ஆகவே திறமையாளர்கள் பலர் ஆசிரியப் பணிக்கு வந்தனர். தென்மாநிலப் பல்கலைக்கழகங்கள் அவர்களைச் சேர்த்துக்கொள்ள மறுத்ததால், பலர் கோடை விடுமுறைகளில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரி போன்ற வடபகுதி நிறுவனங்களுக்குச் சென்று முதுகலைப் பட்டம் பெற்றனர். தலைமையாசிரியர் பள்ளியை நடத்துவதோடு நிற்கவில்லை. கட்டடத்துக்கும் பேருந்துக்கும் பணம் திரட்டினார். ஆசிரியர்களைத் தேடிப் பிடித்தார். வெள்ளையர் அடங்கிய கல்வி வாரியத்திடம் ஊருக்காகப் பேசினார். கறுப்பின ஆசிரியர்களின் ஊதியம் வெள்ளை ஆசிரியர்களின் ஊதியத்தைவிடக் குறைவாக இருந்தது. வர்ஜீனியாவின் நார்ஃபோக் நகர ஆசிரியர் மெல்வின் ஆல்ஸ்டன் தொடுத்த வழக்கில், இந்த வேறுபாடு அரசமைப்புக்கு முரணானது என 1940-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஒன்றிணைப்பும் இழப்பும்

பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று 1954 மே 17 அன்று பிரவுன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. மாணவர்களைப் பற்றிப் பேசிய அத்தீர்ப்பு, கறுப்பின ஆசிரியர்களின் வேலைக்குப் பாதுகாப்பு எதையும் வகுக்கவில்லை. ஒன்றிணைப்பின்போது பல இடங்களில் கறுப்பினப் பள்ளிகளே மூடப்பட்டன. அவற்றின் மாணவர்கள் வெள்ளையர் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டனர். வெள்ளைக் குழந்தைகளுக்குக் கறுப்பினத்தவர் பாடம் சொல்வதையும், வெள்ளை ஆசிரியர்கள் கறுப்பினத் தலைமையாசிரியரின் கீழ் வேலை செய்வதையும் உள்ளூர் வாரியங்கள் விரும்பவில்லை. தலைமையாசிரியர்கள் துணைப் பதவிக்கோ வகுப்பறைக்கோ இறக்கப்பட்டனர், பலர் நீக்கப்பட்டனர்.

மிசூரியின் மோபர்லியில் பள்ளிகள் ஒன்றானபோது கறுப்பின ஆசிரியர்கள் 11 பேரும் வேலை இழந்தனர். அவர்கள் தொடுத்த வழக்கும் 1959-இல் தோற்றது. 1954 முதல் 1965 வரை 17 தென், எல்லை மாநிலங்களில் சுமார் 38,000 கறுப்பின ஆசிரியர்களும் நிர்வாகிகளும் வேலை இழந்தனர் என்பது பரவலாக எடுத்தாளப்படும் மதிப்பீடு. தலைமையாசிரியர் போனபோது, இளம் ஆசிரியரை அடையாளம் கண்டு அடுத்த பொறுப்புக்கு வளர்த்துவிடும் வழக்கமும் அவரோடு போயிற்று.

மீட்பு முயற்சிகள்

கறுப்பினக் கண்காணிப்பாளர்கள் 1970-இல் தமக்கென ஒரு கூட்டமைப்பை நிறுவினர். பின்னர் அது எல்லாக் கறுப்பினக் கல்வியாளர்களுக்குமான அமைப்பாக விரிந்தது. 1973-இல் வாஷிங்டன் பள்ளிகளின் பொறுப்பேற்ற பார்பரா சைஸ்மோர், பெருநகரக் கல்வித் துறைக்குத் தலைமை தாங்கிய முதல் கறுப்பினப் பெண். ஹூஸ்டன் கண்காணிப்பாளராக இருந்த ராட் பெய்ஜ் 2001-இல் நாட்டின் முதல் கறுப்பினக் கல்விச் செயலரானார்.

தனிமனித வெற்றிகளைத் தாண்டிய திட்டங்கள் 2000 முதல் பெருகின. தென் கரோலினாவின் கிளெம்சன் பல்கலைக்கழகம் அம்மாநிலக் கறுப்பினக் கல்லூரிகளுடன் சேர்ந்து 2000-இல் தொடங்கிய ‘கால் மீ மிஸ்டர்’, கறுப்பின ஆண்களைத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களாக்குகிறது. கல்விக் கட்டண உதவி, ஒரே அணியாகப் படித்தல், மூத்தோர் வழிகாட்டல் ஆகியவை அதன் முறைகள். அதே ஆண்டில் நியூயார்க்கில் தோன்றிய ‘நியூ லீடர்ஸ்’, தலைமையாசிரியராக விரும்புவோரை ஓராண்டு அனுபவசாலி ஒருவருடன் பள்ளியிலேயே பணிபுரியவைத்துப் பயிற்றியது. முன்னாள் தலைமையாசிரியர் ஷரீஃப் எல்-மெக்கி 2019-இல் ஃபிலடெல்ஃபியாவில் நிறுவிய மையம், உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடமிருந்தே வருங்கால ஆசிரியர்களைத் தேடத் தொடங்குகிறது.

ஆய்வுகள்

மூன்றாம் வகுப்புக்குள் ஒரு கறுப்பின ஆசிரியரிடமாவது படித்த கறுப்பின மாணவர் கல்லூரியில் சேரும் வாய்ப்பு 13 விழுக்காடு கூடுவதாக சேத் கெர்ஷன்சன் குழுவினர் கண்டனர். மிசூரி, டென்னசி தரவுகளை ஆராய்ந்த பிரெண்டன் பார்ட்டனனும் ஜேசன் கிரிசமும், கறுப்பினத் தலைமையாசிரியர் உள்ள பள்ளிகளில் கறுப்பின ஆசிரியர்கள் கூடுதலாகச் சேர்வதையும் நிலைப்பதையும் காட்டினர். கறுப்பினத் தலைமையாசிரியர் கறுப்பின ஆசிரியர்களை ஈர்ப்பதையும், அந்த ஆசிரியர்களால் மாணவர்கள் பயனடைவதையும் இவ்வாய்வுகள் காட்டுகின்றன. ஆகையால் உயர்பதவிக்கு மட்டும் பயிற்சி அளிப்பது போதாது.

அண்மை நிலை

இனப் பன்மைக்கு ஆதரவான திட்டங்களைக் காரணம் காட்டி, ஆசிரியர் பயிற்சி மானியங்களில் 60 கோடி டாலருக்கு மேல் ரத்து செய்வதாக 2025 பிப்ரவரியில் அமெரிக்கக் கல்வித் துறை அறிவித்தது. ரத்தை நிறுத்திவைத்த கீழ்நீதிமன்ற ஆணையை உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு ஏப்ரல் 4 அன்று 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில் தடுத்ததால், வழக்கு முடியும் முன்பே நிதியை நிறுத்த அரசுக்கு வழி கிடைத்தது.