96: ஒரு பழைய பொய்யின் கதை

வல்லத்துல (தஞ்சாவூர் வல்லம் இல்லீங்க, செஞ்சி - திண்டிவனம் பக்கத்து வல்லம்) சித்தப்பா வீட்டுல ஒரு அரசு மடிக்கணினி இருக்கு. 2011ல் ஆரம்பிச்ச இலவசத் திட்டத்துல தங்கச்சிக்குக் கிடைச்சது. 14 அங்குலம், 1366×768. "ணகரமும் னகரமும் ஒண்ணாத் தெரியுதுப்பா" என்பது சித்தப்பாவின் புலம்பல். கண்ணாடியை மாத்துங்கன்னு எல்லாரும் சொல்லிட்டாங்க. எனக்கு சந்தேகம் 96 மேல.

மேட்டர் இதுதான். 1984ல் வந்த மேக்கின்டாஷ் திரையில் அங்குலத்துக்கு 72 பிக்சல். அச்சுக்காரங்க கணக்கில் ஒரு புள்ளிங்கறது அங்குலத்தில் 72ல் ஒரு பங்கு. ஆக, ஒரு பிக்சல் ஒரு புள்ளி, கணக்கு நேர். மைக்ரோசாஃப்ட் என்ன பண்ணாங்கன்னா, காகிதத்தை விட திரையைக் கொஞ்சம் தள்ளி வெச்சுத்தானே படிக்கிறோம்னு மூணுல ஒரு பங்கு கூட்டி 96 ஆக்கிட்டாங்க. அளந்து பார்த்து வந்த எண் இல்லை, முடிவு பண்ணின எண்! 15 அங்குல குண்டு மானிட்டர்ல 1024×768 வெச்சா நிஜமாவே 93 கிட்ட வரும். அதனால யாருக்கும் உறுத்தலை.

மானிட்டர் மட்டும் ஒழுங்காத்தான் இருந்தது. 1994லேயே வெசா அமைப்பு ஒரு வழி பண்ணிடுச்சு: கேபிளைச் சொருகினதும் மானிட்டர் 128 பைட்டுல தன் ஜாதகத்தை ஒப்பிக்கும். நீளம், உயரம் எல்லாம் அதுல இருக்கு. லினக்ஸ்ல எக்ஸ்ரேண்டர் கட்டளை அதைக் காட்டும். நாலு வரி ஸ்கிரிப்ட் எழுதி சித்தப்பா பொட்டியில ஓட்டினேன். 309 மிமீ, 174 மிமீ. பிதாகரஸைக் கூப்பிட்டா மூலைவிட்டம் 355 மிமீ, அதாவது 14 அங்குலம். 1366ஐ 309ஆல வகுத்து 25.4ஆல பெருக்கினா... 112!

96ன்னு நினைச்சு வரையற 12 புள்ளி எழுத்துக்கு 16 பிக்சல். 4.2 மிமீ இருக்க வேண்டியது இங்க 3.6 தான். ஆங்கிலம் இதைத் தாங்கிடும். நம்ம ண-வோட சுழிக்கு இடம் வேணாமா? 112ன்னு மாத்தி 19 பிக்சல் கொடுத்ததும் சுழி பிரிஞ்சு வந்துடுச்சு. கண்ணாடி அதேதான் :-)

அப்போ எல்லாரும் மானிட்டரையே கேட்க வேண்டியதுதானேன்னா, எக்ஸ் சர்வர் ஒரு காலத்துல அப்படித்தான் கேட்டுட்டிருந்தது. 2009 வாக்கில் அதுவும் 96க்கே போயிடுச்சு. காரணமும் இருக்கு. சில டிவிக்கள் 160×90 மிமீன்னு சொல்லும். அது அளவே இல்லை, 16:9ங்கற விகிதம். அதை நம்பினா ஹால்ல மாட்டியிருக்கற 40 அங்குல டிவி 7 அங்குலம்! புரொஜெக்டர் இன்னும் நேர்மை, பூஜ்யம்னு சொல்லிடும். அதனால ஸ்கிரிப்ட்ல வகுக்கறதுக்கு முன்னாடி பூஜ்யமான்னு ஒரு வரி பார்த்துக்குங்க.