சாத்தான் ஏன் விழுந்தான்?

இடைக்கால இறையியலாளர்கள் சாத்தானைப் பற்றி எழுதியதை நான் ஒரு கணக்கு மாதிரிதான் படிப்பேன். மனிதன் தப்பு செய்தால் பசி, கோபம், காமம், அறியாமை என்று எதன் மேலாவது பழியைப் போட்டுவிடலாம். வானதூதனுக்கு உடம்பே கிடையாது, புத்தியும் தெளிவு. அப்படியிருந்தும் ஒருத்தன் விழுந்தான் என்கிறது மரபு. எப்படி?

11ஆம் நூற்றாண்டில், நார்மண்டியின் பெக் மடத்தில் இருந்த அன்செல்ம் (பின்னாளில் கேன்டர்பரி பேராயர்) இதற்காகவே ஒரு நூல் எழுதினார்: ‘சாத்தானின் வீழ்ச்சி’. ஆசிரியரும் மாணவரும் பேசிக்கொள்வதாக அமைந்த நூல். கடவுள் ஒரு தூதனைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படைக்கிறார் என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறார் ஆசிரியர். முதலில், மகிழ்ச்சியாக இருக்க வேண்டும் என்ற விருப்பம் மட்டும் தரப்படுகிறது. அவன் மகிழ்ச்சியைத்தான் நாடுவான். வேறெதையும் நாட அவனால் முடியாது. அவனை நல்லவன் என்றும் சொல்ல முடியாது, கெட்டவன் என்றும் சொல்ல முடியாது. சரி, நேர்மையை நாடும் விருப்பம் மட்டும் தந்தால்? அதே கதைதான். வேறு வழியே இல்லாமல் நேர்மையாக இருப்பவனுக்கு என்ன பாராட்டு? இரண்டையும் சேர்த்துத் தந்தால்தான் அவன் நீதியுள்ளவனாகவோ அநீதியுள்ளவனாகவோ ஆக முடியும்.

இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கடமை வெளியிலிருந்து விழுகிற கட்டளையாக மட்டும் இல்லை இங்கே. நமக்குள்ளேயே இருக்கிற இன்னொரு ஆசை அது.

ஏறக்குறைய 200 ஆண்டுகள் கழித்து, அரிஸ்டாட்டிலைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்த பாரிஸ் பல்கலைக்கழகத்தில் இதே கேள்வி வெடித்தது. 1277 மார்ச் 7 அன்று பாரிஸ் ஆயர் எத்தியேன் தாம்பியே 219 கருத்துகளைத் தடைசெய்தார். அவற்றில் ஒன்று, புத்தி சரியாக இருந்தால் சித்தமும் சரியாக இருக்கும் என்பது. இதில் என்ன ஆபத்து என்று தோன்றலாம். இது உண்மையென்றால் அருள் தேவையில்லை, படிப்பு போதும். பாவம் என்பது வெறும் பிசகிய கணக்காகிவிடும். தாமஸ் அக்குவினாஸ் இறந்து அன்றோடு சரியாக 3 ஆண்டுகள். பட்டியல் அவரையும் உரசியது. 1323இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார், 1325இல் அவரைத் தொடும் அளவுக்கு அந்தத் தடையைத் திரும்பப் பெற்றார்கள். சபைக்குள்ளும் அரசியல் உண்டுதானே!

1308இல் இறந்த பிரான்சிஸ்கன் துறவி டன்ஸ் ஸ்காட்டஸ் அன்செல்மின் தூதனை மறுபடி கையில் எடுத்தார். தனக்கு நன்மை தேடும் ஆசைக்குக் கடிவாளம் போடுவது நீதியின் மீதான ஆசை. சித்தத்தின் சுதந்திரமே அதுதான் என்றார். அவருடைய சாத்தான் கெட்ட பொருள் எதற்கும் ஆசைப்படவில்லை. எல்லோரும் கேட்கிற மகிழ்ச்சியைத்தான் அவனும் கேட்டான். அளவு மீறி, தகுதி சேர்க்காமல், உடனே, தனக்கென்று.