அசோகன்: ஒரு பெயரின் பொருளும் அதன் கல்வெட்டுச் சான்றுகளும்

‘அசோகன்’ என்பதற்குப் பெயர்சூட்டுக் கையேடுகள் ‘துயரற்றவன்’ என்று ஒரே சொல்லில் பொருள் தந்து முடித்துவிடுகின்றன. அகராதிப்படி அதில் பிழையில்லை. ஆயினும் அண்மையில் முதுகலை மாணவர் ஒருவர், “கலிங்கப் போருக்குப் பின் மன்னன் தானே சூட்டிக்கொண்ட பெயர்தானே, ஐயா?” என்று வினவினார். அவ்வாறு கொள்ளச் சான்று ஏதுமில்லை. ஆனால் அக்கேள்வி வீண் கேள்வியும் அன்று. ஆகவே விடையைச் சற்று விரித்தே எழுதுகிறேன்.

‘சோகம்’ என்பதன் வினையடி ‘சுச்’. எரிதல், ஒளிர்தல் என்பனவே அதன் பழம்பொருள். இருக்கு வேதத்தில் ‘சோகம்’ தழலையும் வெப்பத்தையும் குறிக்கிறது. தூய்மையைச் சுட்டும் ‘சுசி’ என்ற சொல்லும் இவ்வடியிற் பிறந்ததே. உள்ளம் எரிவதே துயரம் என்ற பொருள் பின்னர் வளர்ந்தது. எனவே ‘அசோக’ என்பதன் அடியில் இருப்பது ‘எரிதல் இன்மை’.

இனி, தொகையிலக்கணம். தமிழில் நாம் அன்மொழித்தொகை என்பதை ஒத்த ‘பகுவிரீகி’ இது. எவனுக்குத் துயரம் இல்லையோ அவன் என்று விரிப்பது பொதுவழக்கு. எவனால் பிறர்க்குத் துயரம் இல்லாமற்போயிற்றோ அவன் என்றும் விரிக்க இடமுண்டு. வடமொழி ‘அசோகாவதானம்’ இவ்விரண்டாம் வழியையே பின்பற்றுகிறது. அரண்மனைப் பெண்டிரின் பொறாமையால் அரசனை அணுகவொட்டாது தடுக்கப்பட்டிருந்த தாய், மகன் பிறந்ததும் தன் துயர் நீங்கிற்று என்கிறாள். அதுவே அவன் பெயராகிறது. அடுத்து பிறந்தவன் ‘விகதசோகன்’, துயர் அகன்றவன். மன்னனுக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்ட இக்கதையைப் பெயர்க்காரணம் கூறும் புனைவாகவே கொள்ள வேண்டும். எனினும் அக்காலத்தார் அப்பெயரை எவ்வாறு விளங்கிக்கொண்டனர் என்பதற்கு அது நல்ல சான்று: துயரம் தாயினுடையது, பெயர் மகனுடையது.

பெயர் அவனுக்கு மட்டுமே உரியதாகவும் இருக்கவில்லை. வான்மீகத்தில் தசரதனின் அமைச்சர் எண்மருள் ஒருவன் அசோகன். பிற்காலப் புத்தகயைக் கல்வெட்டுகளில் அசோகசல்லன் என்னும் அரசன் காணப்படுகிறான். (மரத்தின் பெயரும் இதுவே, ஆயின் பள்ளி வளாகங்களில் நெடிது வளர்ந்து நிற்பது நெட்டிலிங்கம். செந்நிறப் பூங்கொத்துகளையுடைய உண்மை அசோகு வேறு. நம் பழநூல்கள் பிண்டி, செயலை எனப் போற்றுவது அதனையே.)

மௌரிய மன்னனிடம் வருவோம். அவனுடைய சாசனங்களிற் பெரும்பாலானவற்றில் ‘அசோகன்’ என்ற பெயரே இல்லை. ‘தேவானாம்பிய’, ‘பியதசி’ என்ற விருதுகளே உள்ளன. 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தைப் படித்தபோதும் ‘பியதசி’ யார் என்பது தெளிவாகவில்லை. இலங்கையின் பாலி நூல்களைக் கற்ற ஜார்ஜ் டர்னர், தீபவம்சத்தைக் கொண்டு அவனைச் சந்திரகுப்தனின் பேரனோடு இணைத்தார். கல்லிலேயே பெயர் கிட்டியது 1915இல்தான். இராய்ச்சூர்ப் பகுதியிலுள்ள மஸ்கியில், பொன் தேடிச் சென்ற சுரங்கப் பொறியாளர் பீடன் கண்ட பாறையில் ‘அசோகஸ’, அதாவது ‘அசோகனுடைய’, என்ற சொல் இருந்தது. பின்னர் குஜர்ரா, நிட்டூர், உடேகோளம் ஆகிய இடங்களிலும் அப்பெயர் கிடைத்தது. பிறர் கல்வெட்டுகளுள், கி.பி. 150 அளவில் ருத்திரதாமன் பொறித்த ஜூனாகட் கல்வெட்டு ‘மௌரியன் அசோகன்’ என்று பெயர் சுட்டுகிறது.

1950 சனவரி 26 அன்று சாரநாத் சிங்கமுகத்தூண் அரசுச் சின்னமானதால்தான் நாடெங்கும் குழந்தைகளுக்கு இப்பெயர் பரவியது என்பர். இது பாதி உண்மையே. சோசலிச அறிஞர் அசோக் மேத்தா 1911இல் பிறந்தவர். குமுத்லால் கங்குலி என்ற இளைஞர் 1936இல் திரைக்கு வந்தபோது சூடிக்கொண்டது அசோக் குமார் என்ற பெயர். சின்னம் வரும் முன்னரே பெயர் மீண்டுவிட்டது.

மாணவரின் கேள்வி வீணன்று என்றேனே, அதற்குக் காரணம் பதின்மூன்றாம் பெரும்பாறைச் சாசனம். முடிசூடி எட்டாண்டு கழிந்தபின் நிகழ்ந்த கலிங்க வெற்றியில் 1,50,000 பேர் பெயர்த்துக் கொண்டுசெல்லப்பட்டனர், 1,00,000 பேர் கொல்லப்பட்டனர், அதனினும் பன்மடங்கினர் மாண்டனர் என்று வென்றவனே அதில் கணக்குரைக்கிறான். அவன் கொண்ட மனவருத்தத்தைக் கால்சிப் படி ‘அனுசய’ என்கிறது. கரோஷ்டி எழுத்தில் உள்ள ஷாபாஸ்கடிப் படியோ ‘அனுசோசன’ என்கிறது. ‘சுச்’ என்னும் அதே வினையடி! தன் பெயரிலே மறுக்கப்பட்ட சொல்லின் உறவுச்சொல்லாலேயே அம்மன்னனின் துயரம் அங்குப் பதிவாகியுள்ளது. பாடபேதத்தை நோக்க, இது அவனே எண்ணிச் செய்த சொல்லாட்சி என்று நான் வாதிடேன். வடமேற்கு வழக்குக்கேற்ப எழுத்தர் அமைத்ததாகலாம்.

இச்சாசனம் கலிங்க மண்ணிலுள்ள தௌலியிலும் ஜௌகடாவிலும் பொறிக்கப்படவில்லை. அங்கு அதற்கு ஈடாக வெட்டப்பட்ட தனிச் சாசனங்களில், மக்கள் அனைவரும் தன் மக்களே என்று மன்னன் தன் அதிகாரிகளுக்கு எழுதுகிறான். போரைப் பற்றி அவற்றில் ஒரு சொல்லும் இல்லை.