அரசன் மட்டும் வளர்த்த தாரா

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். கடைசியில் ஒரு உதவியும் கேட்டிருக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை எட்டாம் தரத்துப் பையன் ஒருவன் சப்பாத்துப் பெட்டி ஒன்றோடு வகுப்புக்கு வந்தான். மூடியில் பேனையால் குத்திய ஓட்டைகள். உள்ளே நான்கு தாராக் குஞ்சுகள். மஞ்சள் பஞ்சு உருண்டை மாதிரி ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன.

"சேர், ஊட்டுச் சொந்தக்காரர் இன்டைக்குள்ள இதுகள அனுப்பச் சொல்லிட்டாரு. நீங்க வெச்சுக்கொள்ளுங்களேன்."

அவர்கள் இருப்பது களுபோவிலயில் ஒரு மாடி வீட்டின் மேல்தட்டில், வாடகைக்கு. குஞ்சுகளை மாமா கொடுத்தாராம். ஒரு கோழி அடைகாத்துப் பொரித்தவை.

அன்றைய பாடம் தற்செயலாகக் கண்டி இராச்சியம். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அதில் இல்லாத ஒரு கதையைச் சொன்னேன்.

1660இல் 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல், புயலில் உடைந்த பாய்மரத்தைச் சரிசெய்யத் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. இன்றைய மூதூர்ப் பக்கம். கப்பல் தலைவரையும் மகன் றொபர்ட் நொக்ஸையும் வேறு சிலரையும் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் பிடித்துச் சென்றார்கள். தந்தை காய்ச்சலில் இறந்தார். பத்தொன்பது வயதில் பிடிபட்ட மகன் பத்தொன்பது வருடங்களுக்கு மேல் மலைநாட்டில் சிறையிருந்தார். இரும்புக் கம்பிக்குள் அல்ல, கிராமங்களில். தொப்பி பின்னி விற்றார், நெல் கடன் கொடுத்தார், பன்றியும் கோழியும் வளர்த்தார். 1679இல் காட்டு வழியாகத் தப்பி, மன்னாருக்குத் தெற்கே அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681இல் இலண்டனில் அவர் நூல் அச்சானது. அக்காலச் சாதாரண மக்களின் வாழ்க்கையை அறிய அதைப்போன்ற சாட்சி நமக்கு அரிது.

அந்த நூலில் பறவைகளைப் பற்றிய பகுதியில் ஒரு சிறு குறிப்பு இருக்கிறது. பலர் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுவார்கள். வாத்து, தாரா, வான்கோழி, புறா ஆகியவற்றை அரசன் வளர்க்கிறான், வேறு யாரும் வளர்க்கக் கூடாது என்கிறார் நொக்ஸ். வான்கோழியில் அரசனுக்குப் பெரிய விருப்பம் இல்லையாம், அதன் தலை நிறம் மாறுகிறதாம்! இவற்றில் ஒன்றையும் அவன் உண்பதற்காகக் கொல்வதில்லை என்றும் எழுதுகிறார்.

யோசித்துப் பாருங்கள். நொக்ஸ் ஒரு கைதி. அவருக்குக் கோழி வளர்க்க அனுமதி இருந்தது. தாரா வளர்க்க, கைதிக்கு மட்டுமல்ல, சுதந்திரமாக இருந்த குடியானவனுக்கும் அனுமதி இல்லை.

ஏன்? காரணத்தை நொக்ஸ் சொல்லவில்லை. ஆனால் அதே நூலில் வேறு தடைகளும் வருகின்றன. சாதாரண மக்கள் வீட்டுக்கு ஓடு போடக் கூடாது, சுவருக்குச் சுண்ணாம்பு பூசக் கூடாது, மாடி கட்டக் கூடாது. ஓடும் வெள்ளைச் சுவரும் எப்படி அந்தஸ்தின் அடையாளமோ, அப்படித்தான் வாத்தும் தாராவும் இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

அந்த ஊகத்துக்கு இன்னொரு துணையும் உண்டு. அநுராதபுரத்துச் சந்திரவட்டக் கற்களைப் பார்த்திருப்பீர்கள். யானை, குதிரை, சிங்கம், எருது செல்லும் வரிசைக்கு உள்ளே, அலகில் இலைக்கொத்தோடு அன்ன வரிசை ஒன்று நடக்கும். சிங்களத்தில் ஹம்ச. சமஸ்கிருத 'ஹம்ஸ'வும் ஆங்கிலத்தின் 'கூஸ்' என்ற சொல்லும் ஒரே பழைய வேரில் முளைத்தவை. நம் புறநானூற்றில் பிசிராந்தையார் அன்னச் சேவலைத்தான் கோப்பெருஞ்சோழனிடம் தூது விடுகிறார். 15ஆம் நூற்றாண்டில் கோட்டை இராச்சியத்தில் எழுந்த சிங்களத் தூதுக் காவியங்களில் ஒன்றின் பெயரே 'ஹம்ச சந்தேசய'. அந்தக் கோட்டை வேறெங்கோ இல்லை. நம் களுபோவிலயிலிருந்து நுகேகொட தாண்டினால் வந்துவிடும். புனிதக் கல்லிலும் அரச காவியத்திலும் நடந்த பறவையைக் குடியானவனின் சேற்று முற்றத்தில் பார்க்க அரசனுக்குப் பிடிக்காமல் போயிருக்கலாம்.

நான் இதைச் சொல்லி முடித்ததும் பின் வரிசைப் பிள்ளை ஒருத்தி எழுந்து கேட்டாள்: "அப்ப இப்ப ராஜா யாரு சேர்? ஊட்டுச் சொந்தக்காரரா?"

வகுப்பே சிரித்தது. எனக்குச் சட்டென்று சிரிப்பு வரவில்லை.

சரி, இந்தப் பறவைகள் எங்கிருந்து வந்தன? முதலில் சொல்லைப் பார்ப்போம். நாம் தாரா என்போம். சிங்களவர் தாராவா, மலையாளிகள் தாறாவு. தமிழ்நாட்டில் அதையே வாத்து என்கிறார்கள். நாமோ கழுத்து நீண்ட பெரியதைத்தான் வாத்து என்போம். தெலுங்கில் பாத்து, அரபியில் பத்து, போர்த்துக்கேய மொழியில் பாத்தோ. ஒலியின் ஒற்றுமையை நீங்களே கேளுங்கள்.

உலகத்து வீட்டுத் தாராக்கள் ஏறக்குறைய எல்லாமே பச்சைத்தலைக் காட்டுத் தாரா ஒன்றின் வம்சம். சீனாவில் மிகப் பழங்காலத்திலேயே பழக்கப்பட்டது. ஒரே ஒரு விலக்கு, முகத்தில் சிவப்புச் சதை தொங்கும் மணிலாத் தாரா. அதன் தாய்நாடு மணிலா அல்ல, தென்னமெரிக்கா. அங்குள்ள பூர்வகுடிகள் வளர்த்ததை ஐரோப்பியக் கப்பல்கள் கடல் கடத்தின. வான்கோழியும் அமெரிக்கப் பறவைதான். கொலம்பஸ் போய் இருநூறு வருடம் ஆகுமுன்னே அது கண்டி அரசனின் முற்றத்தில் நின்று தலை நிறம் மாற்றிக்கொண்டிருந்தது என்றால், உலகம் எவ்வளவு வேகமாகச் சுருங்கியது பாருங்கள். நிமிர்ந்து ஓடும் ரன்னர் தாரா நமது மலாய் உறவுகளின் பூர்வீகத் தீவுகளுக்குரியது. 1856இல் பாலிக்கும் லொம்பொக்குக்கும் போன அல்பிரட் வொலஸ், அங்குள்ள தாராக்கள் பென்குயின் போல நிமிர்ந்து நடப்பதை வியந்து எழுதினார்.

வாத்துக்கு இரண்டு வம்சம்: ஐரோப்பிய வாத்து சாம்பல் நிறக் காட்டு வாத்திலிருந்தும், மூக்கில் புடைப்புள்ள சீன வாத்து வேறொன்றிலிருந்தும் வந்தவை. காவலுக்கு நாயை விட நல்லது என்பார்கள். கி.மு. 390 அளவில் கோல் படையினர் இரவில் ரோமாபுரிக் குன்றில் ஏறியபோது நாய்கள் தூங்க, கோயில் வாத்துகள் கத்தி ஊரை எழுப்பியதாக ரோமர் சொல்லிக்கொண்டார்கள்.

கொழும்பு 1656இல் ஒல்லாந்தர் கைக்கு மாறியது. கண்டி அரசனின் தடை கரையோரத்துக்குச் செல்லாது. கால்வாய்களும் ஓடைகளும் சதுப்பும் நிறைந்த இந்தப் பக்கத்தில் தாரா வளர்ப்புக்கு யாரும் அரசனிடம் கேட்க வேண்டியிருக்கவில்லை. என் சிறுவயதுவரை அப்படித்தான் இருந்தது.

எங்கள் உம்மம்மாவின் வளவு இருபத்திரண்டு பேர்ச்சஸ். பின்னால் கான், அதற்கப்பால் தெஹிவளைக் கால்வாய்க்குப் போகும் ஓடை. ஒன்பது தாரா இருந்தன. தாரா நன்றாக அடைகாக்காது என்று, முட்டையைக் கோழிக்குக் கீழே வைப்பா. கோழிக் குஞ்சுக்கு 21 நாள், தாராக் குஞ்சுக்கு 28. அந்த மிச்சம் ஏழு நாளும் கோழி எழும்பிப் போகாமல் இருக்க, கூட்டுக்குப் பக்கத்திலேயே தண்ணியும் தீனும் வைத்துக் காவல் இருப்பா. "பாவம், ஆருடைய புள்ளைக்கோ அவ ஒரு கிழமை கூட இருக்கா" என்பா.

1992 ஜூன் 4ஆம் திகதியை எங்கள் வயதுக்காரர் மறக்க மாட்டார்கள். ஒரே நாளில் கொழும்பில் 490 மில்லிமீற்றருக்கு மேல் மழை. எங்கள் வளவில் இடுப்பளவு வெள்ளம். கோழிகள் கூட்டோடு போய்விட்டன. தாராக்கள் மதிலுக்கு மேலால் நீந்திப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தோம். வளர்ப்புக் கோழி ஒன்று மட்டும் கூரை ஓரத்தில் நின்று, தன் குஞ்சுகள் தண்ணீரில் போவதைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தது. தண்ணீர் வடிந்த மூன்றாம் நாள் மஃரிபுக்கு முன், பக்கத்து வீட்டுச் சிங்கள ஆச்சி கூப்பிட்டா. ஒழுங்கை முனையில் ஐந்து தாரா வரிசையாக நடந்து வந்துகொண்டிருந்தன. உம்மம்மா வாசற்படியில் உட்கார்ந்து அழுதா. அவ அழுததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அந்த இருபத்திரண்டு பேர்ச்சஸ் இன்று நான்கு பிள்ளைகளுக்குப் பங்காகி, நான்கு மாடி வீடு. மண்ணே தெரியாது. கானுக்கு மூடி போட்டாயிற்று. தடை போட எந்த அரசனும் தேவைப்படவில்லை, சீமெந்தே போதுமாக இருந்தது.

வீட்டுச் சொந்தக்காரரை நான் குறை சொல்லவில்லை. 2017இல் நாடு முழுவதும் 180,000க்கும் அதிகமானோர் டெங்குவுக்கு ஆளான பிறகு, தேங்கிய தண்ணீர் என்றாலே எல்லோருக்கும் பயம். நியாயமான பயம். தாராத் தண்ணீரைத் தினமும் கொட்டி, பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவாதவர் தாரா வளர்க்கக் கூடாது. தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும்.

இடம் உள்ளவர்களுக்கு இன்னும் சில விஷயங்கள். குஞ்சு தாராதானே என்று உடனே தண்ணீரில் விடாதீர்கள். தாய்த் தாராவோடு இருக்கும் குஞ்சுக்குத் தாயின் இறகிலுள்ள எண்ணெய் ஒட்டும், கோழியிடமோ பெட்டியிலோ வளர்வதற்கு அது இல்லை. நனைந்து விறைத்துச் செத்துவிடும். முதல் சில வாரம் மின்குமிழ்ச் சூடும், மூக்குவரை அமிழ்த்தக்கூடிய ஆனால் விழுந்து மூழ்காத தண்ணீர்ச் சட்டியும் போதும். சட்டிக்குள் நாலு கூழாங்கல் போடுங்கள். ஒற்றைக் குஞ்சாக வளர்க்காதீர்கள். பொரித்தவுடன் கண்ட அசையும் உருவத்தைத் தாயென்று பின்தொடரும் பறவை அது. வாத்துக் குஞ்சுகளைத் தன் பின்னால் நடக்கவைத்து இதை ஆராய்ந்த கொன்ராட் லோரன்ஸுக்கு 1973இல் நோபல் பரிசு கிடைத்தது.

வெறும் வெள்ளைச் சோறும் பாணும் கொடுக்காதீர்கள், கால் வளைந்துவிடும். 1890களில் பத்தாவியாவில் ஒல்லாந்து வைத்தியர் ஐக்மன் கண்டது இதற்குப் பக்கத்து உண்மைதான். தீட்டிய அரிசிச் சோறு தின்ற கோழிகளுக்குக் கால் விழுந்தது, தீட்டாத அரிசிக்கு மாறியதும் எழும்பி நடந்தன. பெரிபெரி நோயின் மர்மம் அங்கேதான் அவிழத் தொடங்கியது. கோழிக்குக் குறைந்தது விற்றமின் பி1. தாராக் குஞ்சின் காலுக்கு முக்கியமானது நியாசின் என்ற பி3, கோழிக் குஞ்சை விட இதற்கு அது கூடுதலாகத் தேவை. உம்மம்மா தினமும் தவிடு குழைத்துக் கீரை நறுக்கிப் போட்டது சும்மா இல்லை.

"அத்திடிய சதுப்பில விட்டுடுங்க சேர்" என்று ஒரு நண்பர் சொன்னார். வேண்டாம். பெல்லன்வில - அத்திடிய 1990இலிருந்து சரணாலயம். 372 ஹெக்டயர். அங்கே காட்டுச் சீழ்க்கைத் தாரா தானாகவே வாழ்கிறது. 2018இல் கொழும்புக்கு ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்ததும் இப்படிப்பட்ட இடங்களால்தான். வீட்டுத் தாராவை அங்கே விட்டால் கபரகொய்யாவுக்கும் நாய்க்கும் இரை, அல்லது காட்டுத் தாராவுக்கு நோய்.

குஞ்சுகள் இப்போது எங்கள் குளியலறைக்குள் இருக்கின்றன. மனைவி ஒரு கிழமைதான் தவணை தந்திருக்கிறா. களுபோவில, நெதிமால, பெல்லன்வில, பொரலஸ்கமுவ பக்கம் கொஞ்சம் மண்ணும் புல்லும் உள்ளவர் யாராவது இருந்தால் இன்பொக்ஸில் எழுதுங்கள். நான்கையும் சேர்த்துத்தான் தருவேன். ஒரே நிபந்தனை: அந்தப் பையன் வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்குப் பிறகு வந்து பார்க்க விட வேண்டும்.