ஓய்மாநாட்டு ஒற்றையடிப் பாதைகள்

ஆற்றுப்படை என்னும் பெயரில் வரும் ‘ஆறு’ நீரோடும் ஆறு அன்று. வழி என்பதே அதன் பொருள். பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், பசியோடு எதிர்வரும் மற்றொருவனை நிறுத்தி, இன்ன வழியே சென்று இன்னாரைக் காண்க என்று வழிப்படுத்துவது அவ்விலக்கியம். பத்துப்பாட்டில் இவ்வகையைச் சேர்ந்தவை ஐந்து. அவற்றுள் இரண்டு நம் வட்டாரத்தை அடுத்த நிலங்களுக்கு உரியவை. திண்டிவனத்தைச் சூழ்ந்த ஓய்மாநாட்டைப் பாடுவது சிறுபாணாற்றுப்படை. செங்கத்து நன்னனின் மலைநாட்டைப் பாடுவது மலைபடுகடாம். விழுப்புரத்தை அடுத்த காணையில் நின்று நோக்கினால் ஓய்மாநாடு வடகிழக்கே விரியும். மலையமானின் திருக்கோவலூர் மேற்கே. செஞ்சிக் குன்றுகள் வடக்கே. இவ்விரு பாட்டுகளும் வழிநடந்த நிலங்களுக்கு இடைப்பட்ட மண்ணே காணை வட்டாரம்.

சிறுபாணாற்றுப்படையை இயற்றியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார், அடிகள் 269. அவர் காட்டும் வழி நம்மவர் எளிதில் பின்பற்றக்கூடியது. கடற்கரையில் எயிற்பட்டினம், அதனை மரக்காணம் என்பர் அறிஞர். அடுத்து முல்லை நிலத்து வேலூர். பின்னர் மருத நிலத்து ஆமூர். முடிவில் நல்லியக்கோடனின் கிடங்கில். கிடங்கில் இன்று திண்டிவனத்தோடு ஒன்றிவிட்டது. புலவர் தொலைவைச் சொல்வதில்லை; எந்த ஊரில் யார் சோறு இடுவர் என்பதைச் சொல்கிறார். பட்டினத்துப் பரதவர் சுட்ட மீன் தருவர். வேலூர் எயிற்றியர் புளியிட்டு அட்ட சோறு தருவர். ஆமூரில் உழவர் மகளிர் வெண்சோற்றோடு நண்டுக் கறி படைப்பர். வழியென்பது மண்ணில் பதிந்த கோடு மட்டுமன்று, வழியோரத்தில் வாழும் மக்களும்தான் என்பதை இதைவிடத் தெளிவாக உரைத்த பயண நூல் ஒன்றனை நாம் கண்டதில்லை.

மலைபடுகடாம் 583 அடிகள் கொண்டது, பாடியவர் பெருங்கௌசிகனார். ஈண்டு நிலம் கரடுமுரடாகிறது. பன்றிக்கு வைத்த பொறிகள், குழிகளில் மறைந்திருக்கும் பாம்புகள், தினைப்புனம் காப்போர் கவணிலிருந்து விசையுடன் வரும் கற்கள், வழுக்கும் பாறைகள் என்று ஒவ்வொன்றையும் எச்சரித்துக்கொண்டே போகிறார் புலவர். நம்மை மிகவும் கவர்ந்த இடம் ஒன்று உண்டு. பாதைகள் பிரியும் சந்தியை அடைந்தால், அவ்விடத்தைத் துடைத்துத் தூய்மை செய்து, புல்லை முடிந்து அடையாளம் வைத்துவிட்டுச் செல்லுங்கள் என்கிறார். முன்னே போகிறவர்க்கு அதனால் பயனில்லை. அறியாத நாட்டில் பின்னே வருகிற புதியவர் வழி தவறலாகாது என்பதற்காகவே அம்முடிச்சு. இன்று மேலை நாட்டார் நடைவழிகளில் வண்ணம் தீட்டியும் கல் குவித்தும் வைக்கும் அடையாளங்களுக்கு நம் முன்னோர் கண்ட வடிவம் அது.

பாதையினின்று துன்பம் தருவதை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதை நம் வீட்டுச் சிறுவரும் அறிவர். வழியில் கிடந்த முட்கிளையை அப்புறப்படுத்திய ஒருவர் அதனாலேயே மன்னிப்புப் பெற்ற செய்தியும் ஹதீஸில் உண்டு. கி.பி. 622-இல் அண்ணலாரும் அபூபக்கர் (ரலி) அவர்களும் மக்காவை நீத்து மதீனா சென்றபோது, வழக்கமான சாலையை விலக்கி அவர்களை அழைத்துச் சென்றவர் அப்துல்லாஹ் இப்னு உரைக்கித். அவர் அப்போது இஸ்லாத்தை ஏற்காதவர். ஆயினும் பாதை அறிந்தவர், நம்பிக்கைக்கு உரியவர். ஸவ்ர் குகையின் வாயிலில் மூன்று இரவுகள் கழித்து ஒட்டகங்களோடு வந்து நின்ற அவருடைய வாய்மையின் மேல்தான் ஹிஜ்ரத் நடந்தேறியது. வழிகாட்டியின் பெருமையை உணர்ந்த சமுதாயம் ஆதலின், ஆற்றுப்படை என்னும் துறை நமக்கு அயலாகத் தோன்றவில்லை போலும். 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் தோன்றியபின் அதன்பால் புலவர்களை வழிப்படுத்தப் புலவராற்றுப்படை பாடியவர் நாகூர் குலாம் காதிறு நாவலர் அன்றோ!

காணை வட்டாரத்தில் மலையேற்றம் என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. ஏரிக்கரைகள், வரப்புகள், கரும்பும் நெல்லும் மணிலாவும் விளையும் நிலங்கள், இடையிடையே யானை படுத்தாற்போன்ற சிறு பாறைக் குன்றுகள், இவ்வளவே. நடப்பதற்கு இதைவிட இனிய நிலம் வேறில்லை என்பது நம் கருத்து. விழுப்புரம் மாவட்டத்தின் மண்டகப்பட்டில் செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இன்றி மகேந்திரவர்மன் குடைந்த குகைக் கோயிலும், பனமலையில் இராசசிம்மன் எடுத்த கோயிலும் இத்தகைய நிலப்பரப்பில்தான் நிற்கின்றன. சோழர் கல்வெட்டுகள் ஒரு நிலத்தின் எல்லையைக் கூறும்போது, இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு என்று கூறும். வதி என்பது பாதை. நீர்வழிக்கு நிகராக நடைவழியும் பெயரிட்டுப் பேணப்பட்டது. ஊர்களுக்கு அப்பால் செல்லும் நெடுஞ்சாலைக்குப் பெருவழி என்று பெயர்.

பெருவழிகளில் படைகள் சென்றன. 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை செஞ்சியை முற்றுகையிட்டது. 1714-இல் தேசிங்கு வீழ்ந்தார். மணக்கோலத்தை விட்டு வந்து நண்பனுக்காகப் போரிட்டு மடிந்த மகபத்கானைத் தேசிங்கு கதை இன்றளவும் மக்கள் நெஞ்சில் நிறுத்தியுள்ளது. வென்ற நவாப் சாதத்துல்லாகானின் பெயரால் செஞ்சிக் கோட்டையில் 1717-18-இல் எழுந்த பள்ளிவாசலும் நிற்கிறது. வரலாறு இவற்றையே எழுதும். துணிமூட்டையைத் தலையில் ஏற்றிச் சந்தைக்குச் சந்தை வரப்பில் நடந்த நம் பாட்டனார்களை எந்தக் கல்வெட்டும் குறிக்கவில்லை. அவர்களுடைய ஆவணம் அந்த ஒற்றையடிப் பாதைதான்.

அந்த ஆவணம் இப்போது அழிகிறது. 1879-இல் விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே இருப்புப்பாதை வந்தது. பின்னர்ப் பேருந்தும், அதன்பின் வீட்டுக்கு வீடு இருசக்கர வண்டியும் வந்தன. நடப்பார் குறைந்தனர். நடப்பார் இல்லாத பாதையை உழுபவர் ஆண்டுக்கு ஒரு சாண் உள்ளிழுத்துக்கொள்வது மனித இயல்பு. எஞ்சியதைச் சீமைக்கருவேல் மூடிக்கொள்கிறது. ஒருநாள் ஓர் வீட்டில் மவுத்து நிகழும். ஜனாஸாவைத் தோளில் ஏந்தி நால்வர் இணைந்து நடக்க வேண்டும். அன்றுதான் கபரஸ்தானுக்குப் போகும் பாதையின் அகலம் இரண்டடி என்பது ஊராருக்குப் புலப்படும். சிற்றூரில் பத்து வீடுகளாக வாழும் நம்மவர்க்கு மட்டும் நேர்வதன்று இத்துயரம். சுடுகாட்டுக்குப் பாதையின்றிப் பிறர் வயலில் இறங்கிப் பிணம் சுமக்கும் சேரி மக்கள் இத்துன்பத்தை நம்மினும் மிகுதியாகவும் நெடுங்காலமாகவும் அறிவர்.

பாதையின் அகலம் பற்றிப் பிணக்கு எழுந்தால் ஏழு முழம் என வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்துள்ளார்கள், ஏறத்தாழப் பத்தடி. நாட்டுச் சட்டமும் வழியைக் கைவிடவில்லை. கிராம வரைபடத்தில் வண்டிப்பாதைக்கும் நடைபாதைக்கும் தனித்தனிக் குறிகள் உண்டு. வரைபடத்தில் ஏறாது, தனியார் பட்டா நிலத்தின் ஊடே செல்லும் வழிகளுக்கு 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் துணை நிற்கிறது. 20 ஆண்டுகள் தடையின்றி, ஒளிவுமறைவின்றி, உரிமையாகவே நடந்திருந்தால் அவ்வழி நடந்தவர்க்கு உரியது. ஆயின் ஒன்றைக் கருதல் வேண்டும். ஒருவர் வழியை அடைத்து, அதனை அறிந்தும் நாம் ஓராண்டு பேசாதிருந்தால் அத்தடை சட்டத்தின் கண்ணில் தடையாகிவிடும். எண்ணி வந்த ஆண்டுகள் அத்தோடு அறும்.

இங்கிலாந்தில் 1932-இல் கிண்டர் ஸ்கௌட் என்னும் மேட்டு நிலத்தில் தொழிலாளர் நூற்றுக்கணக்கானோர் தடையை மீறி நடந்தனர். சிலர் சிறை சென்றனர். 1949-இல் அந்நாடு இயற்றிய சட்டம், ஒவ்வொரு வட்டாரத்திலும் உள்ள நடைவழிகளை ஆய்ந்து வரைபடத்தில் பதியுமாறு பணித்தது. வயலின் நடுவே போகும் வழியைப் பயிர் செய்பவர் மூடிவிட இயலாது. அவ்வழிகளே அங்கு விடுமுறை நாட்களில் குடும்பங்கள் நடக்கும் பாதைகளாயின. நம் நாட்டிலும் 2010-இல் மதுரையில் தோன்றிய ‘பசுமை நடை’ குன்றுகளுக்கும் பழஞ்சின்னங்களுக்கும் மக்களைக் கூட்டமாக நடத்திச் சென்று வருகிறது. குன்று உடைபடுமோ என்ற அச்சத்தில் பிறந்த நடை அது.

காணையிலும் சுற்றுச் சிற்றூர்களிலும் இதற்குப் பெருமுயற்சி வேண்டியதில்லை. அறுவடை முடிந்து வயல் காய்ந்திருக்கும் தை, மாசி மாதங்களில், கிராம வரைபடத்தின் படியொன்றைக் கையில் கொண்டு, ஊரின் முதியவர் ஒருவரை முன்னே நடக்கவிட்டு, ஜமாஅத்தாரும் அண்டை வீட்டாரும் சேர்ந்து ஏரிக்கரை முதல் கபரஸ்தான் வரை, சுடுகாடு வரை, சந்தை வரை ஒருமுறை நடந்தால் போதும். எந்தப் பாதை வரைபடத்தில் உள்ளது, எது இல்லை, எங்கே முள் மூடியுள்ளது என்பதைப் பிள்ளைகள் ஒரு குறிப்பேட்டில் எழுதிவரட்டும். முதியவர் இருக்கும்போதே அதனைச் செய்துவிட வேண்டும். இருபது ஆண்டு நடந்ததற்கு நாளை சாட்சி சொல்லக்கூடியவர் அவர்தான்.