வயலின் எந்த ஊர் வாத்தியம்?

மருதனார்மடம் பக்கம் போய்வருபவர்களுக்கு வயலின் சத்தம் புதிதல்ல. வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்காக வயலின் பெட்டியோடு போகும் பிள்ளைகளை யாழ்ப்பாணத்தில் பல ஊர்களிலும் காண்கிறோம். பாட்டுக் கச்சேரியில் வயலின் இல்லாவிட்டால் ஏதோ குறைவது போலிருக்கும்.

ஆனால் அது ஐரோப்பாவிலிருந்து வந்த வாத்தியம். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் அதைக் கற்றார். அவர்கள் நின்றபடி தோளில் வைத்து வாசித்ததை, நம்மவர்கள் சப்பாணி கட்டி இருந்து, அதன் தலைப்பகுதியை வலது காலில் ஊன்றி வாசித்தார்கள். இடது கை பாரம் தாங்கத் தேவையில்லை. விரல்கள் தந்தியில் தாராளமாக வழுக்கி ஓடின, கமகம் வந்தது. நான்கு தந்திகளையும் ச-ப-ச-ப என்று பாடுபவரின் சுருதிக்குச் சேர்த்தார்கள். 1834இல் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள், தஞ்சை வடிவேலுவுக்குத் தந்தத்தால் செய்த வயலினையே பரிசளித்தார். ஒரு மனிதரின் ஆயுளுக்குள் அந்நிய வாத்தியம் அரச சபை ஏறிவிட்டது.

இதை நாங்கள் வகுப்பில் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் நாங்கள். வந்து சேர்ந்தவர்கள் அல்ல, இங்கேயே பிறந்தவர்கள். திரும்பி வந்த பிறகும் "நீங்கள் எந்த ஊர்?" என்ற கேள்வி எங்கள் பிள்ளைகளைத் தொடர்கிறது. கடல் கடந்து வந்த வயலினிடம் இன்று யாரும் அதைக் கேட்பதில்லை.

வயலின் பழகும் பிள்ளைகளுக்குச் சரளி வரிசையோடு இந்த வரலாற்றையும் சொல்லிக் கொடுங்கள்.