அம்பத்தூர் கிராமமாக இருந்தபோது...

இந்த முறை கொஞ்சம் வரலாறு. பி.காம். படிக்கிறவனுக்கு வரலாற்றில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். கடைசியில் இதுவும் ஒரு கணக்கு விவகாரம்தான் என்று உங்களுக்கே தெரியும்.

எங்கள் வீட்டில் யாராவது சி.டி.எச். ரோடு டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு லேட்டாக வந்தால் அப்பா தவறாமல் ஒரு வசனம் சொல்வார். "இந்த அம்பத்தூர் எவ்வளவு அமைதியான ஊரா இருந்துச்சு தெரியுமா?" உடனே நானும் பச்சை வயல், ஏரிக்கரை, மாட்டு வண்டி என்று மனதுக்குள் ஒரு பழைய சினிமா காட்சியை ஓட்டிக்கொள்வேன். ஒரு நாள் பாட்டியிடம் கேட்டேன், "அப்போல்லாம் ரொம்ப அமைதியா இருக்குமா பாட்டி?"

"அமைதி என்னடா அமைதி. ஐப்பசி மழை புடிச்சுதுன்னா ஆம்பளைங்க ராத்திரி பூரா லாந்தரை வச்சிக்கிட்டு ஏரிக்கரையில நிப்பாங்க. நாங்க வீட்டுல தூங்காம உக்காந்திருப்போம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிராமத்து அமைதி என்பது சும்மா கிடைத்த ஒன்றில்லையா? அங்கே ஆரம்பித்ததுதான் இந்தத் தேடல்.

நம் பக்கத்து ஊர்கள் ரொம்பப் பழசு. பாடியில் இருக்கும் திருவலிதாயத்தைச் சம்பந்தர் பாடியிருக்கிறார். திருமுல்லைவாயிலைச் சுந்தரர் பாடியிருக்கிறார். தொண்டைமான் ஏறி வந்த யானையின் காலை முல்லைக் கொடி சுற்றிக்கொண்டது என்பது அந்த ஊர்த் தலபுராணம். பூந்தமல்லியின் பழைய பெயரான பூவிருந்தவல்லியிலும் பூ இருக்கிறது. கொஞ்சம் தள்ளி திருநின்றவூரில் பூசலார் என்ற நாயனார், கையில் காசில்லாமல் மனசுக்குள்ளேயே ஒரு கோயில் கட்டினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. ஆக, ஆயிரம் வருடங்களுக்கு மேலாக இங்கே ஜனங்கள் வாழ்ந்திருக்கிறார்கள்.

ஆனால் எப்படி வாழ்ந்தார்கள்? நம் பக்கத்தில் வற்றாத ஆறு கிடையாது. கூவமும் மழைக்காலத்தில்தான் ஓடும். வருஷத்து மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களை ஒட்டியே கொட்டித் தீர்த்துவிடும். அதைப் பிடித்து வைக்காவிட்டால் நெல் கிடையாது, ஊரும் கிடையாது. அதனால்தான் ஊருக்கு ஓர் ஏரி. அந்த ஏரிகளும் தனித்தனியாக இல்லை. மேலே இருக்கும் ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் கலங்கல் வழியாகக் கீழே இருக்கும் ஏரிக்குப் போகும். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, அதற்கப்புறம் இரட்டை ஏரி என்று ஒரு சங்கிலி.

இங்கேதான் கணக்கு வருகிறது. 1763ல் ஆற்காட்டு நவாப் செங்கல்பட்டுப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். தங்கள் கைக்கு வந்த சொத்தின் மதிப்பு என்ன என்று கம்பெனிக்குத் தெரிய வேண்டுமே! தாமஸ் பர்னார்ட் என்ற இன்ஜினியரை அனுப்பினார்கள். 1767லிருந்து 1774 வரை அவர் சுமார் 2000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். அதற்கு அடிப்படையாக இருந்த ஓலைச்சுவடிக் கணக்குகள் தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. அவற்றின் முக்கியத்துவத்தை நம் காலத்தில் எடுத்துச் சொன்னவர்களில் முதன்மையானவர் காந்தியவாதி தரம்பால்.

அந்தக் கணக்கில் என்ன இருக்கிறது தெரியுமா? எத்தனை வீடு, எவ்வளவு நஞ்சை, எவ்வளவு புஞ்சை, ஏரி எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது, எவ்வளவு விளைந்தது என்று எல்லாம் இருக்கிறது. அதைவிட முக்கியம், விளைந்த நெல்லை எப்படிப் பிரித்தார்கள் என்பது. களத்தில் நெல்லை அளக்கும்போதே தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர், கணக்கர், காவல்காரர், கோயில் என்று ஆளாளுக்கு ஒரு பங்கு போய்விடும். இதற்கு மேரை என்று பெயர். அந்தப் பட்டியலில் ஏரிக்கும் ஒரு பங்கு உண்டு. அரசாங்கமும் உழுதவனும் பிரித்துக்கொள்வதற்கு முன்பே ஏரியின் பங்கு தனியாக எடுத்து வைக்கப்பட்டுவிடும்.

காமர்ஸ் நண்பர்களே, இது என்ன என்று புரிகிறதா? டிப்ரிசியேஷன்! லாபத்தைப் பிரிப்பதற்கு முன்னால் தேய்மானத்துக்கு ஒதுக்கு என்று நமக்கு முதல் வருஷத்தில் சொல்லித் தருகிறார்களே, அதேதான். எந்தப் பாடப் புத்தகமும் படிக்காமல், ஏரி என்பது வருஷா வருஷம் தூர்ந்துபோகும் ஒரு சொத்து என்று தெரிந்துவைத்திருந்தார்கள். இன்னும் பின்னால் போனால் உத்திரமேரூர்க் கல்வெட்டு. முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டியது. குடவோலை முறையில் தேர்ந்தெடுத்த வாரியங்களில் ஏரி வாரியமும் ஒன்று.

சரி, அப்படியென்றால் அந்தக் காலம் பொற்காலமா? இங்கே நாம் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

1891ல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமன்ஹீர் என்ற வெள்ளைக்காரர் இதே மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை பற்றி அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். உழைக்கிறவர்களுக்கு நிலம் இல்லை, கடனுக்காகத் தலைமுறை தலைமுறையாகப் பண்ணைக்குக் கட்டுப்பட்டுக் கிடக்கிறார்கள், குடியிருக்கும் மனையிலிருந்துகூட விரட்டப்படும் பயம் என்றெல்லாம் அதில் வருகிறது. அதன் விளைவாகத்தான் 1892ல் பஞ்சமி நிலம் வழங்கும் உத்தரவு வந்தது. மதகைத் திறந்து மூடியது, கரையை வெட்டிக் கட்டியது எல்லாம் பல ஊர்களில் சேரி ஆட்கள்தான். ஆனால் ஏரி வாரியத்தில் உட்கார வேண்டுமென்றால் சொந்தமாக வரி கட்டும் நிலமும், வேதம் படித்த தகுதியும் கேட்டார்கள். அமைதியான கிராமம் என்று நாம் சொல்லும்போது, பேச முடியாமல் இருந்தவர்களின் மௌனத்தையும் அந்த அமைதியோடு சேர்த்து எண்ணிவிடுகிறோம். பாட்டி சொன்ன லாந்தர் கதையிலும் எல்லோருக்கும் ஒரே மாதிரி கூலி கிடைத்திருக்காது.

பிறகு ஏரியின் பங்கு என்ன ஆனது? வரியைப் பணமாகக் கேட்ட கம்பெனி, ஊர் எடுத்து வைத்த பங்குகளை ஒவ்வொன்றாகக் கரைத்துவிட்டது. காசு கொடுக்காமல் வேலை மட்டும் நடக்க வேண்டும் என்றால்? 1858ல் சட்டம் போட்டார்கள். குடிமராமத்துக்கு வராதவர்களிடம் வசூல் செய்யலாம் என்றார்கள். கட்டாயத்தில் எத்தனை நாள் ஓடும்?

இத்தனைக்கும் நடுவே 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. அம்பத்தூர், ஆவடி வழியாகத்தான் போனது. இருந்தாலும் அடுத்த தொண்ணூறு வருஷத்துக்கு மேல் நம் ஊர்கள் ஊர்களாகவே இருந்தன. மாற்றம் வந்தபோது மடமடவென்று வந்தது. 1949ல் டி.ஐ. சைக்கிள்ஸ். 1955 ஜனவரியில் ஆவடி காங்கிரஸ் மாநாடு; சோஷலிச பாணி சமுதாயம் என்ற தீர்மானம் அங்கேதான் நிறைவேறியது. 1961ல் ஆவடி டாங்க் ஃபேக்டரி. 1964ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. கூலிக்குப் பண்ணையை நம்பியிருந்தவர்களின் பிள்ளைகள் பஞ்ச் கார்டு அடித்து மாதச் சம்பளம் வாங்கினார்கள். அதை நான் குறைவாகச் சொல்ல மாட்டேன். எங்கள் தாத்தாவும் அப்படி வேலைக்குப் போனவர்தான். அந்தச் சைரன் சத்தம் பல வீடுகளில் அடுப்பு எரிய வைத்த சத்தம்.

ஆனால் வயல் மனையாக மாறியபோது ஏரிக்குச் சொந்தக்காரர்கள் இல்லாமல் போய்விட்டார்கள். நெல் போடாதவனுக்கு ஏரி எதற்கு? 1980ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் பரம்பரைக் கர்ணம் பதவி ஒழிந்தது. அதுவும் நியாயம்தான். 2011 கணக்கெடுப்பில் அம்பத்தூர் மக்கள்தொகை சுமார் 4 லட்சத்து 66 ஆயிரம். அதே வருஷம் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. 2019ல் ஆவடியே ஒரு மாநகராட்சி ஆகிவிட்டது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தொழிற்பேட்டை முழுக்கத் தண்ணீர். எங்கள் தெருவிலும் இடுப்பளவு. மாடிப்படியில் உட்கார்ந்து, போனில் சார்ஜ் இருக்கும்வரை வாட்ஸ்அப்பில் வந்த வதந்திகளைப் படித்துக்கொண்டிருந்தோம். பாட்டி மட்டும் பதட்டப்படவில்லை. "இது நஞ்சைடா. இங்க தண்ணி நிக்காம வேற எங்க நிக்கும்?" என்றார். தண்ணீர் வடிந்தபிறகு அப்பா மனைப் பத்திரத்தை வெயிலில் காயப்போட்டார். அப்போதுதான் முதல்முறையாக அதைப் படித்தேன். உண்மைதான், நஞ்சை என்றே எழுதியிருந்தது. அன்று ராத்திரி ஏரிக்கரையில் லாந்தரோடு நின்றவர் யாருமில்லை. நிற்க வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றக்கூட இல்லை.

2017ல் குடிமராமத்துத் திட்டத்தை அரசாங்கம் மறுபடி கொண்டுவந்தது. ஆவடி பருத்திப்பட்டு ஏரியைச் சீரமைத்துப் பூங்காவும் அமைத்தார்கள். நல்ல விஷயம். ஆனால் எங்கள் வீட்டுச் சொத்துவரி ரசீதை எடுத்துப் பார்த்தேன். படிக்கப் போகிற நூலகத்துக்குக்கூட ஒரு வரி இருக்கிறது. ஏரிக்கு என்று ஒரு பைசா தனியாக இல்லை. அது இருந்தால்தானே, என் பங்கு எங்கே போனது என்று நான் கேட்க முடியும்?

அமைதியான அம்பத்தூர் திரும்பி வரப்போவதில்லை. வர வேண்டும் என்று நான் ஆசைப்படவும் இல்லை. அதில் பாதிப் பேருக்கு இடமே இல்லை. ஆனால் பிரிப்பதற்கு முன்னால் ஏரிக்கு எடுத்து வை என்ற அந்த ஒரு வரியை மட்டும் பழைய கணக்கிலிருந்து நகலெடுத்துக்கொள்ளலாம். இந்த முறை கரையில் நிற்கிறவருக்குக் கூலியோடும், வாரியத்தில் உட்கார ஒரு நாற்காலியோடும்.

உங்கள் வீட்டுப் பத்திரத்தையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நஞ்சை என்று போட்டிருந்தால், உங்களுக்கும் ஓர் ஏரி இருக்கிறது என்று அர்த்தம். அது எங்கே இருக்கிறது என்று தேடிப்போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். மழைக்கு முன்னாலேயே!